பெயர் வெட்டிய பாத்திரம்

ரவிவர்மாவின் லட்சுமி கல்லச்சுப் படமாகச் செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் ஒரு குறையும் இல்லை. காலடியில் தாமரை, பக்கத்தில் யானை, உடம்பில் பட்டு, கழுத்து நிறைய நகை. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகம் கொடுக்க முடிந்த வண்ணமெல்லாம் கொடுத்துத்தான் அவளை அனுப்பியிருந்தது. அங்கிருந்த பெண்களுக்கு அது போதவில்லை. சேலை இருந்த இடத்தில் நிஜத் துணியை அளவாக வெட்டி ஒட்டினார்கள். கரைக்கு ஜரிகை வைத்துத் தைத்தார்கள். நகை இருந்த இடத்தில் சமிக்கியும் மணியும் ஏறின. முகமும் கையும் காலும் மட்டும் அச்சு, மற்றதெல்லாம் கைவேலை. அப்புறம்தான் சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் அடைத்துச் சுவரில் மாட்டினார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிச் சேலை உடுத்திய சாமிகளை இன்றும் பார்க்கலாம். கிட்டே போய்க் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றால் எல்லாம் தெரியும். பசை பழுப்பேறியிருக்கும். ஜரிகை கறுத்திருக்கும். கொசுவ மடிப்பில் ஊசி போய் வந்த தடம் இருக்கும். யாரோ ஒரு பெண், சமையல் முடிந்த பிற்பகலில் குனிந்து உட்கார்ந்து செய்த வேலை. அவள் பெயர் படத்தில் கிடையாது.

இந்தப் படங்களை இப்போது தேடி வாங்குகிறவர்கள் மேக்ஸிமலிசம் என்று பேசுகிற உள்ளலங்காரக்காரர்கள். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, மூலையில் ஒரே ஒரு செடி என்று பல வருடங்களாக நகரத்து வீடுகள் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்து சலித்துவிட்டன. இப்போது சுவர் முழுக்கப் படம், பூப்போட்ட வால்பேப்பர், ஒன்றோடொன்று பொருந்தாத மெத்தை உறைகள், அலமாரி கொள்ளாத பித்தளை. எனக்கு இதில் விரோதம் இல்லை. வெற்றுச் சுவரைவிட நிறைந்த சுவர்தான் எனக்குப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இடிப்பது, நிறைந்த வீட்டைப் பட்டியல் போட்டு ஒரு மாதத்தில் லாரியில் இறக்கிவிடலாம் என்கிற எண்ணம். நாம் பார்த்த நிறைந்த வீடுகள் எதுவும் அப்படி நிறையவில்லை.

செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு பொருள் ஒரே கூரையின்கீழ் சேர்ந்ததில்லை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். முன்வாசலில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, சமையல்கட்டு எல்லாம் தாண்டிக் கடைசிக் கதவு வரை நேர்கோட்டில் பார்வை போகும். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பர்மிங்காமிலிருந்து வந்த வார்ப்பிரும்புத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, சுவரின் கீழ்ப்பாதியில் புடைப்புப் பூ வைத்த ஜப்பான் ஓடு. இவை ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வாசல்நிலைக்கு மேல் கஜலட்சுமி; பல வீடுகளில் முகப்பின் உச்சியில் சுதைச் சிப்பாய்களும் வெள்ளைக்காரத் துரைகளும். அங்கே எல்லோருக்கும் இடம் இருந்தது.

சுவர்ப்பூச்சைச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்பை அரைத்துப் புளிக்கவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசிக் கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். நூறு வருடம் கழித்தும் அந்தச் சுவரில் கை வைத்தால் வழவழவென்று குளிரும். நிறைய பொருள் வைக்கிற வீடு சுவரை வெறுமனே விட்டுவிடவில்லை. மாட்டப்போகும் படங்களுக்கு முன்னால் சுவரே ஒரு பண்டமாக இருந்தது.

தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல். அதன் செய்முறை இன்றும் மாறவில்லை. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகடு. தகட்டின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. தகட்டைத் தூக்குகிற அந்த நொடியில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. கை கொஞ்சம் ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு இழைத்து, சட்டத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது. காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுவரும். அந்தக் கண்ணாடி கொடுத்த பளபளப்புத்தான் கல்லின் பளபளப்பு. மேலே நடக்க நடக்க அது கூடும். பூட்டிப்போட்ட வீட்டில் மங்கும்.

இத்தனைக்கும் இந்த வீட்டில் படுத்துத் தூங்குவதற்கென்று அதிக இடம் ஒதுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் பையன்களுக்கு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. கல்யாணத்துக்குப் பின் புதுத் தம்பதியை ‘வேறு வைப்பார்கள்’. அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. மருமகள் கொண்டுவந்த சாமான்கள் அவர்கள் பங்கு அறையில் பூட்டியிருக்கும். வெண்கலம், பித்தளை, வெள்ளி, எனாமல், பீங்கான், தடுக்கு, கொட்டான், கூடை; பிற்காலத்தில் எவர்சில்வர். பல டஜன் கணக்கில். கல்யாணத்தன்று அவற்றையெல்லாம் பரப்பிவைப்பார்கள், ஊரார் பார்ப்பார்கள். பிறகு உள்ளே போனால் சில சாமான்கள் அடுத்த கல்யாணத்துக்குத்தான் வெளிச்சம் காணும். சில அதற்கும் காணாது.

அந்தப் பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பிலோ அடியிலோ எழுத்து இருக்கும். சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வீட்டுச் சாமானில் குடும்பத்தின் விலாசம், அதாவது தலைமுறை முன்னெழுத்துகள். மற்ற வீடுகளில் கொடுத்தவர் பெயர், ஊர், சில சமயம் தேதி, ‘அன்பளிப்பு’ என்ற ஒரு சொல். பாத்திரக்கடையில் வாங்கின கையோடு ‘பேரு வெட்டணுமா?’ என்று கேட்பது தமிழ்நாடு முழுக்க இருக்கிற வழக்கம். உளி போய் மின்சாரக் கருவி வந்திருக்கிறது, அவ்வளவுதான். பந்தி பரிமாற இரவல் போகிற வாளி திரும்பி வரவேண்டுமே என்கிற முன்னெச்சரிக்கையும் இதில் உண்டு. ஆனால் அதோடு முடியவில்லை. பெயர் வெட்டிய குத்துவிளக்கைத் தூக்கிப்போட முடியாது. போட்டால் பெரியத்தையைத் தூக்கிப்போட்ட மாதிரி. நம் வீடுகள் நிறைந்ததற்கு ரசனை ஒரு காரணம்தான். பெரிய காரணம், உள்ளே வந்த எதையும் வெளியே அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லாதது.

அந்த நிறைவைச் சிலாகித்துக்கொண்டே போகவும் எனக்கு மனம் வரவில்லை. தேக்கு உத்தரம் பர்மாவிலிருந்து வந்தது என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். கூடவே வந்த கணக்கைச் சொல்லமாட்டார்கள். கீழ்ப்பர்மாவில் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் 1930இல் அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் அடைபடவில்லை, அடமான நிலங்கள் கைமாறின. 1938இல் அது கிட்டத்தட்ட 25 சதவீதம். நிலத்தைப் பறிப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை, அவர்களுக்கு வேண்டியது வட்டிதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்? ஆக, பெயர் வெட்டாத சாமான்களும் அந்த வீடுகளில் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் உத்தரத்தில் தெரியும்.

காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941இல் எழும்பியது. அந்த டிசம்பரில் ஜப்பான் போருக்குள் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மாவிலிருந்து இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள், பெரும்பகுதியினர் காடும் மலையும் கடந்து நடந்தே. வருமானம் வந்த திசை அடைபட்டதும் செட்டிநாட்டு வீடுகள் நிறைவதை நிறுத்திவிட்டன. அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயிற்று. வீடு பங்காளிகளின் பொதுச் சொத்து. தாத்தா ஒருவர், பேரன்கள் பத்து, கொள்ளுப்பேரன்கள் முப்பது. ஓடு மாற்றவேண்டும் என்றாலும் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ளவேண்டும். ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் விற்பதுதான் என்கிற கட்டத்தில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வண்டி வரும். கதவு தனியாக, தூண் தனியாக, எனாமல் தனியாக, சேலை உடுத்திய லட்சுமி தனியாக. சில வீடுகளுக்கு நல்லகாலம்: முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், இடிக்கவிருந்த செட்டிநாட்டு வீட்டின் பாகங்களைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கோத்திருக்கிறார்கள். சில வீடுகள் விடுதிகளாகி மூச்சுவிடுகின்றன. மீதி, வாட்ச்மேன் கையில் சாவியோடு நிற்கின்றன.

இப்படிச் சிதறக்கூடாது என்று முன்னாலேயே பயந்த ஒரு மனிதர் லண்டனில் இருந்தார். ஜான் சோன், கொத்தனார் மகன், இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தைக் கட்டிய கட்டடக்கலைஞர். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் அடுத்தடுத்திருந்த மூன்று வீடுகளைச் சேர்த்துக்கொண்டு, ரோமானியச் சிற்பத் துண்டுகள், ஜாடிகள், வார்ப்புகள், புத்தகங்கள் என்று சுவர், கூரை, மாடிப்படி எல்லாவற்றையும் நிரப்பினார். எகிப்திய அரசன் முதலாம் செட்டியின் கல் சவப்பெட்டியை பிரிட்டிஷ் மியூசியம் விலை கட்டாது என்று விட்டுவிட, 1824இல் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கி அடித்தளத்தில் இறக்கினார். சாதாரண அறை அளவே உள்ள படக்கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். சுவரையே கதவுபோலக் கீல் வைத்துத் திறக்கிறமாதிரி செய்து, திறந்தால் உள்ளே இன்னொரு வரிசைப் படம். ஆகாத மகன் ஒருவன் இருந்தான். அவன் கைக்குப் போய்விடக்கூடாது என்று 1833இல் பாராளுமன்றத்தில் தனிச்சட்டமே போடவைத்தார், தான் சாகும்போது இருந்த நிலையிலேயே வீடு இருக்கவேண்டுமென்று. 1837இல் செத்தார். வீடு அப்படியே இருக்கிறது. அனுமதி இலவசம்.

சோன் வீட்டில் ஒரு பொருளும் சிதறவில்லை. ஒரு பொருளும் புதிதாகச் சேர்வதும் இல்லை. எனக்கென்னவோ செட்டிநாட்டு வீட்டுக்கும் சோன் வீட்டுக்கும் ஒரே மாதிரி முடிவாகத்தான் படுகிறது. வீடு நிறைவது என்பது தொடர்ந்து நடக்கவேண்டிய காரியம். சட்டம் போட்டு நிறுத்தினால் அது மியூசியம், பங்கு போட்டு நிறுத்தினால் கடைத்தெரு.

தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது நடுத்தர வர்க்கத்துக் கூடத்தில்தான். எண்பதுகளின் ஷோகேஸை நினைத்துப் பாருங்கள். நகர்த்துகிற கண்ணாடிக் கதவு, பாதியில் சிக்கிக்கொள்ளும். உள்ளே தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, ராமேஸ்வரம் சங்கு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் தாஜ்மகால், ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்து தீர்ந்துபோன சென்ட் பாட்டில். சுவரின் மேல்வரிசையில் கீழே சாய்ந்து பார்க்கும் போட்டோக்கள். செத்தவர்களுக்கு மாலையும் சந்தனப் பொட்டும். பக்கத்தில் சாமிகள். அதில் பாதி பழைய காலண்டர் படங்கள். கோவில்பட்டியிலிருந்து கொண்டைய ராஜூ வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, மளிகைக்கடை விளம்பரத்தோடு ஜனவரியில் வீட்டுக்கு வருவார்கள். டிசம்பர் முடிந்தால் தேதித்தாள் தீர்ந்துவிடும், முருகன் தீரமாட்டார். அவரைக் குப்பையில் போட முடியுமா? கடைப்பெயரைக் கத்தரித்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டவேண்டியதுதான். மிகவும் நொந்துபோன படமென்றால் குளத்தங்கரை அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வருவார்கள். அதற்கும் ஒரு நாள் பார்க்கவேண்டும்.

இந்த ஷோகேஸைப் பார்த்துச் சிரித்த தலைமுறை என்னுடையது. சிரிப்பதற்கு நமக்கு நவீனத்துவம் கைகொடுத்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் கட்டடக்கலைஞர் அடால்ஃப் லூஸ், அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடிகளைக் கீழே வைத்து அவர் அடுக்கிய வாதம் இன்று படிக்கக் கூசும். அவரே பிராகில் 1930இல் முடித்த முல்லர் வீட்டுக் கூடத்துக்குப் பச்சைக்கோடு நெளியும் பளிங்கைத் தேடிப்பிடித்துப் போட்டார். தச்சன் செதுக்கினால் குற்றம், கல்லே கோலம் போட்டுக்கொண்டால் சரி போலும். ஆனால் அவர் சொன்னதில் ஒன்றைத் தள்ள முடியாது: அலங்காரம் மனித உழைப்பைத் தின்கிறது. செய்கிறவர் உழைப்பைப் பற்றித்தான் அவர் கவலைப்பட்டார். செய்து முடித்தபின் தினசரி அதைத் துடைக்கிறவரை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

நிறைந்த வீட்டைப் பற்றி எழுதுகிற ஆண்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டைச் சுற்றிக்காட்டிய ஆச்சி என்னிடம் தேக்கையும் பளிங்கையும் பற்றி இரண்டு வார்த்தைதான் பேசினார். சரவிளக்கைக் காட்டி, “இத இறக்கி ஒவ்வொரு கண்ணாடியாக் கழத்திச் சீயக்கா போட்டுக் கழுவணும் தம்பி. முன்னாடி ஆளு இருந்துச்சு. இப்ப நாந்தான். அதான் துணியச் சுத்தி விட்டுட்டேன்” என்றார். சரவிளக்கு வெள்ளைத்துணி மூட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீடுகளின் பளபளப்பு கூலிக்கு வந்த பெண்களின் தோள்மேல் நின்றது. சின்ன வீடுகளில் அம்மாவின் தோள்மேல். புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளை துலக்கிய கையைப் பார்த்தவர்கள் எவர்சில்வர் வந்தபோது ஏன் அவ்வளவு பேர் பித்தளையை எடைக்குப் போட்டார்கள் என்று கேட்கமாட்டார்கள். அதை நாம் பாரம்பரியத்தின் இழப்பு என்று எழுதுகிறோம். அவர்களுக்கு அது விடுதலை.

இந்தச் சிக்கலுக்கு நம் பெண்களே கண்டுபிடித்த ஒரு வழி கொலு. ஒற்றைப்படையில் படி கட்டி, மேலே வெள்ளைவேட்டி விரித்து, வீட்டில் இருக்கிற பொம்மை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்கிவிடுவது. தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை, கிரிக்கெட் டீம், மரப்பாச்சி, கீழே கடுகு முளைத்த பூங்கா. விளாச்சேரியிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேரவேண்டும். இதைவிட அடர்த்தியாக ஒரு கூடத்தை அலங்கரிக்க முடியாது. ஒன்பது ராத்திரி. பிறகு பழைய வேட்டிக்கிழிசலிலும் செய்தித்தாளிலும் சுற்றி டிரங்குப்பெட்டிக்குள். எந்தப் பொம்மைக்கு எந்தத் துணி என்று அம்மாவுக்குத்தான் தெரியும். மூக்கு உடைந்த வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனுக்கு எப்போதும் அதே நீலச் சட்டைத்துணி. எல்லா வீட்டுக்கும் பொதுவான வழக்கம் என்று சொல்லமாட்டேன், கொலு வைக்கிற வீடுகள் சிலதான். ஆனால் நிறைவைத் தவணையில் அனுபவிக்கலாம் என்கிற யோசனை அதில் இருக்கிறது. துடைக்கிறவளே வடிவமைப்பாளராக இருந்ததால் வந்த யோசனை.

மற்றபடி, வெற்று வீடு என்று ஒன்று நம் ஊரில் இருப்பதாக நான் நம்பவில்லை. பத்திரிகைப் படங்களில் பளிச்சென்று இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி லாஃப்ட் கதவைத் திறந்து பாருங்கள். அம்மாவின் அண்டா, கல்யாணத்துக்கு வந்த பிரித்துப் பார்க்காத டின்னர் செட், கொலுப்பெட்டி, அப்பாவின் சட்டம்போட்ட பட்டமளிப்புப் படம் எல்லாம் அங்கேதான் இருக்கும். கீழே வெள்ளை, மேலே செட்டிநாடு. மறைத்து வைப்பதற்கும் இடம் வேண்டும், பணம் வேண்டும். ஒற்றை அறை வாடகைவீட்டில் எல்லாம் கண்ணெதிரே ஆணியில் தொங்கும். அங்கே அதற்கு யாரும் மேக்ஸிமலிசம் என்று பெயர் வைப்பதில்லை.

ஆகவே வீட்டை நிறைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை, லாஃப்டிலிருந்து தொடங்குங்கள். அண்டாவை இறக்கி எழுத்தைப் படியுங்கள். யார் துடைப்பது என்று அப்போதே பேசி முடித்துவிடுங்கள், அதில் ஆண்களும் சேர்த்தி. அதற்கும் பிறகு காரைக்குடிக்குப் போவதானால் தாராளமாகப் போங்கள். பேரம் பேசுவதற்கு முன்னால் அந்தக் கதவு எந்த ஊர், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். தெரிந்தால் சொல்வார். சொன்னதைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உளி வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் கதவின் பின்சட்டத்திலேயே வெட்டச் சொல்லிவிடுங்கள்.